இடது பின்கதவு

மார்ச் 11, செவ்வாய்.

நேற்றைய தவறு: மாலை வகுப்பில் கார்க் கதவின் உள்பலகையைக் கழற்றும்போது ஒரு கிளிப்பை உடைத்துவிட்டு, ஏற்கெனவே உடைந்திருந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். வாத்தியார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

இதை எழுதி முடித்து டைரியை மூடுவதற்குள் சின்னவனின் தலையில் ஒரு தட்டு விழுந்தது.

"ஆபீஸ் நேரத்துல பாவமன்னிப்பா? கிளம்புடா. டூல் பையை எடு."

தட்டியவள் அவனுடைய அக்கா. பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பரிசோதித்துவிட்டு, அடிபட்ட மனிதர்களைப் பார்க்கலாம் என்று துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு தம்பி. மூன்றில் அதிகம் சத்தம் போடுவது தம்பிதான் என்பது அக்காவின் கணக்கு.

இரண்டாவது நாற்காலியில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். இனி அழ நேரமில்லை என்று முகம் சொன்னது.

"நாளைக்குக் காலையில அவரைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்மா. ஒரு தடவை ஜெயில்னு ஆயிடுச்சுன்னா அப்புறம் அவரை நம்பி யாரு வண்டி சாவியைக் குடுப்பா? வேற வேலையும் தெரியாது அவருக்கு."

விஷயம் இதுதான். கண் டாக்டரம்மா ஒருவரின் காரை அவள் கணவர் ஓட்டுகிறார். சனிக்கிழமை காலை காரை கிளினிக் வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, வழக்கம்போல் சாவியை வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உள்ள கொக்கியில் மாட்டினார். மதியம் பார்த்தால் பின்சீட்டில் இருந்த அறுவைக் கருவிப் பெட்டி இல்லை. கண்ணாடி உடையவில்லை, கதவில் ஒரு கீறல் இல்லை. கார் பூட்டும் டக் சத்தம் கேட்டது, சாவி கொக்கியை விட்டு நகரவில்லை என்று வரவேற்புப் பெண் போலீஸிடம் சொன்னாள். அப்படியானால் கள்ளச் சாவி செய்திருக்கிறான் என்றது போலீஸ். அன்று மாலையே, வழக்கு எழுதாமல் விசாரணை என்ற பேரில், டிரைவர் லாக்கப்பில்.

"இன்னைக்குக் காலையில டாக்டரம்மாவோட தம்பிதான் எனக்கு போன் பண்ணாரு" என்றாள் அவள். "அந்த இடது பின்கதவு லாக் ரொம்ப நாளா ஆடிட்டே இருக்கு, அது பூட்டாம இருந்திருக்கும், யாரோ வழியில போறவன் எடுத்திருப்பான், ஆள் வெச்சுப் பாருங்கன்னாரு. எவ்வளவு நல்ல மனுஷன்! அவங்க வீட்டுப் பொருள் போயும் நமக்காகப் பேசறாரு."

"அந்தக் கதவு நிஜமாவே ஆடுமா?"

"ஆடும். இவரே ஒரு மாசமா சொல்லிட்டு இருக்காரு. பள்ளத்துல இறங்கினா கதவுக்குள்ள கடகடன்னு சத்தம் வருமாம்."

அக்கா சின்னவனைப் பார்த்தாள். "கதவைப் பிரிக்கத் தெரியும்ல?"

"தெரியும். திரும்பச் சேர்க்கறதுதான் அடுத்த மாசப் பாடம்."

டிரைவரின் மனைவி சிரிக்கவில்லை. அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பான்.

*

டாக்டரம்மாவின் வீட்டு வாசலில் உயரமான இரும்பு கேட். டாக்டரின் தம்பி தானே வந்து திறந்தார். இஸ்திரி கலையாத சட்டை, முகம் முழுக்கச் சிரிப்பு, நாலடி தள்ளி நின்றாலும் வந்து சேரும் செண்ட் வாசனை.

"வாங்க மேடம், வாங்க பாஸ்." பிறகு டிரைவரின் மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கொஞ்சம் வெளியவே இருங்கம்மா. அக்கா கோவத்துல இருக்காங்க. நான் பேசிச் சரி பண்றேன்."

அவள் தலையாட்டிவிட்டு வெளியே நின்றாள். அவர் கேட்டை உள்ளிருந்து மறுபடி பூட்டினார். கம்பிகளுக்கு நடுவே ஒரு கண் மட்டும் தெரிந்தது.

தகரக் கூரை போட்ட ஷெட்டில் கார் நின்றது. டாக்டரம்மா வெள்ளைக் கோட்டோடு வந்தார். கிளினிக்குக் கிளம்பும் அவசரம்.

"அந்தப் பெட்டி இல்லாம எத்தனை பேருக்கு ஆபரேஷனைத் தள்ளி வெச்சிருக்கேன் தெரியுமா? பூட்டைப் பார்த்து என்ன ஆகப்போகுது?"

"ரெண்டே கேள்வி, டாக்டர்" என்றாள் அக்கா. "சனிக்கிழமைக்கு அப்புறம் இந்தக் காரை யாராவது எடுத்தாங்களா?"

"யார் எடுக்கறது? போலீஸ் கொண்டுவந்து விட்டதோட சரி. டிரைவர் சாவியும் அவங்ககிட்டதான் இருக்கு. நான் டாக்ஸியில போறேன். கார் அப்படியே திறந்தபடிதான் கிடக்கு. கேட்டைப் பூட்டினா போதாதா?"

"இன்னொரு சாவி?"

"என் பீரோவுல." கோட்டுப் பையைத் தட்டினார், உள்ளே சாவிக்கொத்து குலுங்கியது. "பீரோ சாவி எப்பவும் என்கிட்ட."

"இந்த நாலு நாள்ல திறந்து பார்த்தீங்களா?"

"வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கும். எதுக்குப் பார்க்கணும்?"

அக்கா சின்னவன் பக்கம் திரும்பினாள். "ஆரம்பிடா."

சின்னவன் இடது பின்கதவின் முன் மண்டியிட்டான். கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ, கீழ்ப்பையில் இரண்டு. பிறகு உள்பலகையின் விளிம்பில் தட்டையான நெம்புகோலை நுழைத்தான். நேற்றைய கிளிப் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கிளிப்பையும் விரலால் தடவி, மூச்சை அடக்கி, மெதுவாக நெம்பினான். பட், பட் என்று ஒவ்வொன்றாக விட்டன. ஒன்றும் உடையவில்லை. அவனுக்கே ஆச்சரியம்.

பலகையை எடுத்து வைத்து, பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை இயக்கிப் பார் என்பது வகுப்பின் முதல் பாடம். கிளிப்பையே நினைத்துக்கொண்டு அதைக் கோட்டை விட்டிருந்தான். பூட்டுப் பொத்தானை ஒரு தடவைகூட அமுக்கிப் பார்க்கவில்லை.

சொல்லலாமா என்று வாயெடுத்தான். அதற்குள் டாக்டரின் தம்பி அவன் தோளுக்கு மேல் குனிந்தார்.

"என்ன பாஸ் தெரியுது?"

கதவின் வயிற்றுக்குள் பூட்டு மோட்டார் தெரிந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அதுவும் பாதி கழன்று தொங்கியது. விரலால் தொட்டால் மோட்டார் ஆடும் பல் மாதிரி அசைந்தது. காணாமல் போன ஸ்க்ரூ கதவின் அடியில் தூசிக்குள் கிடந்தது.

"தானா கழண்டு விழுந்திருக்கு" என்றான் சின்னவன். குரலில் மகிழ்ச்சி தெறித்தது. "அக்கா, யாரும் கை வைக்கல. ஆட்டத்துல விழுந்திருக்கு. அப்போ டிரைவர்..."

அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. மோட்டாரிலிருந்து மேலே பூட்டுக் குமிழுக்குப் போகும் கம்பி ஒன்று உண்டு. குமிழ் கீழே இறங்க வேண்டுமானால் அந்தக் கம்பி இறங்க வேண்டும். கம்பியின் வளைவுக்கு அடியில், ஒரு நூல் இடைவெளியில், அது இறங்க முடியாதபடி, யாரோ ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை மடித்துச் செருகியிருந்தார்கள்.

ஸ்பாஞ்சு தானாக முளைக்காது.

"அடப்பாவி!" என்றார் டாக்டரின் தம்பி. "பார்த்தியாக்கா? அந்த டிரைவரை நல்லவன்னு நினைச்சு நான் உதவி பண்ணப் போனேன். கதவு பூட்டாதபடி முன்னாடியே ஏற்பாடு பண்ணிட்டு, சாவியைக் கொக்கியில மாட்டி நல்லபிள்ளையாட்டம் நின்னிருக்கான். கள்ளச் சாவியே தேவையில்ல!"

டாக்டரம்மாவின் முகம் இறுகியது. "எட்டு வருஷம் என் வண்டி ஓட்டியிருக்கான்" என்றார்.

சின்னவன் கேட் பக்கம் பார்க்காமலிருக்க முயன்றான். பார்த்துவிட்டான். அந்த ஒரு கண் கம்பிகளுக்கு நடுவே அப்படியே இருந்தது. அவள் கணவரைக் காப்பாற்ற வந்து, கயிற்றை முறுக்கிக் கையில் கொடுத்தாயிற்று.

"இன்ஸ்பெக்டருக்கு இப்பவே சொல்றேன்." டாக்டரின் தம்பி போனை எடுத்தார்.

"தாராளமா சொல்லுங்க சார்" என்றாள் அக்கா. "அதுக்கு முன்னாடி அந்த போன்ல லைட் அடிச்சுத் தாங்களேன். ஸ்பாஞ்சை எடுக்கும்போது கம்பியும் கழண்டு வந்துடுச்சுன்னா சாட்சி கெட்டுடும். என் போன்ல சார்ஜ் இல்ல."

அவள் போன் காலையில்தான் முழு சார்ஜில் இருந்தது. சின்னவன் வாயைத் திறக்கவில்லை. அவர் விளக்கைப் போட்டுக் கொடுத்தார். அக்கா வாங்கிச் சின்னவன் கையில் திணித்தாள்.

"டாக்டர், நீங்களும் இவரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நிழல் விழுது."

இருவரும் ஷெட்டின் வாசலுக்கு நகர்ந்தார்கள். அக்கா கதவுக்குள் கைவிட்டு, ஸ்பாஞ்சை இரண்டு விரலால் உருவி எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கிசுகிசுத்தாள்.

"கம்பியைத் தொடு."

தொட்டான். விரலில் கறுப்பாகக் கிரீஸ் ஒட்டியது.

"ஸ்பாஞ்சைப் பாரு."

பார்த்தான். வெளிர் மஞ்சள். கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல.

"சுத்தமா இருக்கு. அதனாலென்ன?"

"ஒரு ஓரத்தைக் கிள்ளு. கிள்ளின துண்டை அதே இடத்துல வெச்சுட்டு, முன்னாடி போய்ப் பூட்டுப் பொத்தானை அமுக்கு. ஒரே தடவை."

கிள்ளினான், வைத்தான், முன்கதவுப் பொத்தானை அமுக்கினான். டக் என்ற சத்தம். திரும்பி வந்து அந்தச் சின்னத் துண்டை எடுத்தான். அதன் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு, மை தொட்டு இழுத்ததுபோல் விழுந்திருந்தது.

இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்றில் கோடு. மற்றதில் இல்லை.

"ஒரு தடவை அமுக்கினதுக்கே கோடு விழுதுன்னா..." அவன் சுத்தமான துண்டைத் தூக்கிக் காட்டினான். "இந்த ஸ்பாஞ்சு உள்ளே போனதுக்கு அப்புறம் இந்தக் காரை யாரும் ஒரு தடவைகூடப் பூட்டல."

"சனிக்கிழமை டிரைவர் பூட்டினாரு. டக்குன்னு சத்தம் கேட்டதா வரவேற்புல இருக்கற பொண்ணு போலீஸ்கிட்டயே சொல்லியிருக்கு."

"அப்போ இதை வெச்சது அதுக்கப்புறம். வண்டி இந்த ஷெட்டுக்கு வந்தப்புறம். அப்போ டிரைவர் லாக்கப்ல!"

"மெதுவாடா, ஊருக்கே கேக்குது."

சின்னவன் தலையைக் குனிந்தான். "அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன். பிரிக்கறதுக்கு முன்னாடி பூட்டைச் சோதிக்கணும். மறந்துட்டேன்."

அக்கா அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "நீ ஒழுங்கா பாடத்தை ஞாபகம் வெச்சிருந்தா இதுலயும் கோடு விழுந்திருக்கும். அந்த மனுஷன் நாளைக்கு ஜெயிலுக்குப் போயிருப்பாரு. இதை டைரியில எழுதிக்கோ. வாத்தியாருக்குக் காட்டாதே."

அடுத்து இன்னொன்றையும் பார்த்தார்கள். ஸ்பாஞ்சு இல்லாமல் பொத்தானை அமுக்கினால் ஆடும் மோட்டார் எப்படியோ குமிழை இழுத்து இறக்கியது, பஸ்ஸில் தூங்குகிறவன் தலை விழுவதுபோல. ஆனால் இறக்கியது. வெளியிலிருந்து இழுத்தால் கதவு திறக்கவில்லை. ஆக, சனிக்கிழமை கார் பூட்டித்தான் இருந்தது. ஒரு சாவி கொக்கியில் தொங்கியது. திறந்தது இன்னொரு சாவி.

"அது டாக்டர் பீரோவுல இல்ல இருக்கு?" என்றான் சின்னவன்.

"இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. போய்ப் பாருங்கன்னு நான் சொன்னா, ராத்திரிக்குள்ள அது பீரோவுக்கே திரும்பி வந்துடும். இப்போ மோட்டாரை இறுக்கு. நல்லா இறுக்கு. அந்தக் கதவு இன்னைக்கு ஏமாத்தக் கூடாது."

காந்தக் குச்சியால் கீழே கிடந்த ஸ்க்ரூவைத் தூக்கினான். இரண்டுக்கும் புது வாஷர் போட்டான். மோட்டாரை அதன் இடத்தில் உட்காரவைத்து, முதல் ஸ்க்ரூவைப் பாதி, இரண்டாவதைப் பாதி, மறுபடி முதலாவதை முழுசு என்று மாறி மாறித் திருகினான். போதுமா? இன்னும் ஒரு கால் சுற்று? அதிகமாகத் திருகினால் மரை போய்விடும். விரலால் ஆட்டினான். அசையவில்லை. மறுபடி ஆட்டினான். பிளாஸ்டிக் தாளை ஒட்டி, பலகையைப் பொருத்தி, உள்ளங்கையால் தட்டினான். கிளிப்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"என்ன மேடம், இன்னுமா?" டாக்டரின் தம்பி நெருங்கி வந்தார். "போனைக் குடுங்க, இன்ஸ்பெக்டர் காத்திட்டு இருப்பாரு."

"முடிஞ்சுது சார். பூட்டுதான்னு ஒரு தடவை பார்த்துடறோம். டேய், உள்ளேயிருந்து லாக் பண்ணிட்டு இறங்கு."

சின்னவன் முன்சீட்டில் ஏறினான். அப்போதுதான் பார்த்தான், டாக்டரின் தம்பியுடைய போன் பின்சீட்டின் நடுவில் கிடந்தது. தான் வைக்கவில்லை. அக்காதான் வைத்திருக்க வேண்டும்.

"அக்கா, போன் உள்ளே..."

"வாயையும் மூடு, கதவையும் மூடு."

அவன் பொத்தானை அமுக்கினான். நான்கு குமிழ்களும் ஒரே சத்தத்தில் இறங்கின. இறங்கி, பூட்டு கலையாமலிருக்கக் கைப்பிடியைத் தூக்கியபடியே முன்கதவைச் சாத்தினான்.

"யோவ், என் போன்!" டாக்டரின் தம்பி பாய்ந்து இடது பின்கதவுக்கே போனார். அதுதானே பூட்டாத கதவு. கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்.

இரண்டு ஸ்க்ரூ. அவன் கையால் திருகிய இரண்டு ஸ்க்ரூ.

கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தார். உலுக்கினார். கார்தான் ஆடியது, கதவு ஆடவில்லை.

"அறிவிருக்காடா உனக்கு?" என்று அக்கா தம்பியைத் திட்டினாள். நிஜமாகவே திட்டுவதுபோல் இருந்தது. அதில் அவளுக்குப் பழக்கம் அதிகம். "மன்னிச்சுக்குங்க சார். இப்ப என்ன பண்றது?"

"எதுக்குப் பதறறீங்க?" என்றார் டாக்டரம்மா. "இன்னொரு சாவி இருக்கே. நான் போய் பீரோவுலேர்ந்து எடுத்துட்டு வரேன்."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். டாக்டரின் தம்பி காரை விட்டார். முகத்திலிருந்த சிரிப்பும் அத்தோடு போனது. இரண்டே எட்டில் டாக்டரம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீ ஏன்க்கா மாடி ஏறணும்? முழங்கால் வலின்னு நேத்துகூடச் சொன்னே. இரு, நான் எடுத்துட்டு வரேன்."

பதிலுக்குக் காத்திராமல் ஓடினார். படிகளில் செருப்புச் சத்தம் தடதடவென்று மேலே போனது. சத்தம் அதே வேகத்தில் கீழே இறங்கியது. மூச்சு வாங்க வந்தவரின் கையில் கார்ச் சாவி இருந்தது.

"இந்தா" என்றார். சிரிப்பு திரும்பியிருந்தது. "வெச்ச இடத்துலயே இருந்துச்சு."

அமுக்கினார். டக். நான்கு குமிழ்களும் எழும்பின. அவர் கதவைத் திறந்து போனை எடுத்து நிமிர்ந்தபோது, டாக்டரம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தன் கோட்டுப் பைக்குள் விட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மெதுவாக வெளியே வந்தது. சாவிக்கொத்து.

"டேய்" என்றார். "பீரோ சாவி என்கிட்ட இருக்கு."

அவர் கார்ச் சாவியைப் பிடித்திருந்த கையைத் தாழ்த்தினார்.

"என்கிட்ட வாங்காம, எந்தப் பீரோவைத் திறந்து எடுத்தே?"

டாக்டரின் தம்பி சாவியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்தார். கேட்டுக்கும் அவருக்கும் நடுவே சின்னவன் டூல் பையோடு நின்றான். தடுத்து நிறுத்தும் தைரியம் தனக்கு இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. நல்லவேளை, அவர் ஓடவில்லை. காரின் மேல் சாய்ந்தார்.

"அவன் உன்கிட்ட சொல்லிடுவான்னு பயந்துட்டேன்க்கா."

"என்னத்தை?"

"ராத்திரியில நான் வண்டியை எடுக்கறதை. நீ தூங்கும்போது பீரோவுலேர்ந்து சாவியை எடுத்து நானே வெச்சுக்கிட்டேன். லைசென்ஸைப் பிடுங்கின அப்புறம் ஓட்டமாட்டேன்னு உனக்குச் சத்தியம் பண்ணேன்ல? தினமும் காலையில கேட்டான். ஏன் சார் சீட்டு பின்னால தள்ளியிருக்கு, ஏன் சார் கண்ணாடி திரும்பியிருக்குன்னு. சிரிச்சிட்டேதான் கேட்டான். எனக்குத்தான் தூக்கம் போச்சு. அவன் போயிட்டா போதும்னுதான் அந்தச் சாவியால காரைத் திறந்து பெட்டியை..."

"போலீஸ் கள்ளச் சாவின்னு தேட ஆரம்பிச்சா வீட்டுச் சாவியையும் கேப்பாங்க" என்றாள் அக்கா. "அதனால சாவியே தேவையில்லாத ஒரு வழியைக் காட்டினீங்க. அதையும் எங்க கையாலயே கண்டுபிடிக்க வெச்சீங்க. நல்ல யோசனைதான் சார். ஒரு தடவை பூட்டிப் பார்த்திருந்தா போதும்."

"பெட்டி எங்கடா?" என்றார் டாக்டரம்மா. குரல் உயரவே இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"மொட்டை மாடியில. தண்ணித் தொட்டிக்குப் பின்னால."

டாக்டரம்மா தம்பியை விட்டுத் திரும்பினார். கொத்திலிருந்து கேட் சாவியைத் தேடி எடுத்தார். தானே நடந்துபோய், தானே பூட்டைத் திறந்து, கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலமாகத் தள்ளினார். டிரைவரின் மனைவி உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"உள்ளே வாம்மா" என்றார் டாக்டரம்மா. "இவ்வளவு நேரம் நிக்க வெச்சுட்டேன்."

அவள் அப்போதுதான் அழுதாள்.

*

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சின்னவன் டைரியில் கடைசி வரிகளை எழுதினான். அக்கா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். எந்த வரியையும் திருத்தவில்லை.

நாளைய வேலை: டிரைவரைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் முன் டாக்டரம்மாவோடு ஸ்டேஷனில் இருக்க வேண்டும். பெட்டி, சாவி, இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டு ஆகியவற்றை இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைக்க வேண்டும். போகும் வழியில் டிரைவர் வீட்டில் நின்று அவருக்கு மாற்றுச் சட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.